பத்துமணிப் பூவும் கடைசிக் குடமும்

எங்கள் தெருவில் இன்றைக்கு எந்த வாசலைப் பார்த்தாலும் பத்துமணிப் பூ. பெயின்ட் டப்பாவில் ஒன்று, விரிசல் விட்ட வாஷ்பேசினில் ஒன்று. ஒரு வீட்டில் ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டு அதில்கூட வளர்க்கிறார்கள். தலையில் மாட்டச் சொன்னால் மாட்டமாட்டார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "இந்தப் பூவை நம்ம கள்ளிக்குப்பத்துக்கு மொதல்ல கொண்டாந்தது யாரு தெரியுமா? உங்க எதிரூட்டு ரயில்வே சாருதான்" என்று என்னிடமே சொன்னார். என்னிடம்! கையிலிருந்த அப்பளம் தூளாகிவிட்டது. ரயில்வே சார் காலமாகி வருஷக்கணக்காகிறது, அவரிடம் போய்ச் சண்டை போட வழியில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஐந்தாம் வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததால் ஒரு சுவரும் சாய்ந்ததில்லை. செங்கல் சுமந்தேன், கொத்தனாராய்க் கரண்டி பிடித்தேன், பிறகு கரண்டி பிடிக்கிற ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரியானேன். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் ரயிலில் போனால் ஜன்னல் வழியாக விரல் நீட்டி, இது நான் கட்டியது, அது நான் கட்டியது என்று சொல்லிக்கொண்டே போகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவார். அது அவர் இஷ்டம். எங்கள் தெருவில் பாதி வீடு என் கை. எதிர்வீடும் என் கைதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

பூவை நான் பார்த்தது பூந்தமல்லியில். தகரப்பெட்டி செய்கிற ஒரு பாய், மொட்டைமாடி ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தார். சித்திரை வெயில். மாடியில் கால் வைத்தால் செருப்பு ஒட்டியது. அங்கே கைப்பிடிச் சுவர் ஓரம், காரை பெயர்ந்த விரிசலில், சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாய்ச் சின்னச் சின்னப் பூ. இலை என்று பார்த்தால் ஊறவைத்த அரிசிபோல் குண்டு குண்டாய்; நசுக்கினால் தண்ணீர்.

"யாரு பாய் இதுக்குத் தண்ணி ஊத்துறது?"

"நமக்கே இல்ல அண்ணாத்தே, இதுக்கு எங்கேந்து ஊத்துறது? சம்சாரம் எப்பவோ கிள்ளிப் போட்டுது. உழுந்த எடத்துல கெடந்து பூத்துகினு கீது. தண்ணி ஊத்துனாத்தான் கோச்சிக்கும்."

ஒரு பிடி கிள்ளி, சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் சுற்றி, ஸ்கூட்டர் பெட்டியில் போட்டேன். போட்டதை மறந்தும்போனேன். ஒரு வாரம் அந்தப் பெட்டி அடுப்பாய்க் காய்ந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மொக்கு. யாரும் ஊட்டி வளர்க்காமல் தானாக எழுந்து நிற்கிறது. அச்சாக என்னைப் போலவே என்று அப்போதே அதன்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

என் வீட்டுக் கேட்டுக்கும் படிக்கும் நடுவே ஒரு கீற்று இடம் உண்டு. மற்றவர்கள் என்றால் செம்மண்ணும் சாணியும் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் இடித்த வீட்டின் செங்கல் ஜல்லியைக் கொட்டி, மேலே ஆற்று மணலைப் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தெருப்பக்கமாகத் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்தேன். தோட்டத்துக்கு ரசமட்டம் வைத்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். தண்ணீர் தேங்கினால் இந்தச் செடிக்குக் கால் அழுகும். சாணி போட்டால் இலை கொழுக்கும், பூ வராது. சில வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. விரல் நீளத்துக்குக் கிள்ளி மணலில் செருகினால் போதும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மதில்மேல் பெயின்ட் டப்பாக்களை வரிசையாக வைத்தேன். அடியில் எல்லாவற்றுக்கும் ஆணியால் துளை.

என் சம்சாரம் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"இன்னாயா, பருப்புக்கீரையைக் கொண்டாந்து மதில் மேல வெச்சிகினு கீறே? கூட்டு வெக்க ஆவுமா?"

"பூவுமே இது. பத்து மணிக்குப் பூக்கும்."

"பத்து மணிக்கு நீ சைட்ல இருப்பே. எனுக்கு அடுப்புல வேலை. யாருக்கோசரம் பூக்குது?"

இந்த மாதிரிக் கேள்விகளை அவள் எப்போதும் தயாராக வைத்திருப்பாள். நான் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முந்தைய ஐப்பசியில் வானம் சும்மா தூறிவிட்டுப் போயிருந்தது. ஆடி வருவதற்குள் கிணற்றில் வாளியை விட்டால் டொங்கென்று சத்தம் வந்தது. தெருவுக்குத் தண்ணி லாரிதான் கதி. அதுவும் வந்தால் உண்டு. ஆவணி போய்ப் புரட்டாசி வந்தும் வெயில் போகிற வழியாக இல்லை. செம்பருத்தி, கனகாம்பரம், தென்னங்கன்று எல்லாம் ஒரே பழுப்பு. தெருவில் நிறம் என்று கண்ணில் பட்டது இரண்டே இடத்தில்தான். ஒன்று, தெருமுனையில் லாரிக்காக வரிசை கட்டி நின்ற பிளாஸ்டிக் குடங்கள். இன்னொன்று, என் மதில்.

குடவரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரி வருகிற நாளில் ஒவ்வொரு வீட்டுக் குடத்துக்கும் ஓர் இடம். எதிர்வீட்டு நீலக் குடம் முதலாவது, எங்கள் பச்சைக் குடம் அதற்கு அடுத்தது. முன்னால் நிற்கிற குடத்துக்குத் தெளிந்த தண்ணீர், நடுவில் நிற்பதற்குக் கலங்கிய தண்ணீர், கடைசியில் நிற்பதற்கு லாரிக்காரர் "அவ்ளோதான்மா, காத்துதான் வருது" என்று சொல்வது மட்டும். வரிசையை மேய்த்தவர் எதிர்வீட்டு ரயில்வே சார். அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில்களைப் பராமரித்து ரிட்டயரானவர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். ரயிலுக்குப் பதில் குடங்கள் கிடைத்தன, விசிலை மட்டும் மாற்றவில்லை. கழுத்தில் விசில், கையில் குச்சி. நகர்ந்த குடத்தைக் குச்சியால் தட்டி லைனுக்குக் கொண்டுவருவார்.

அவர் உயிர் ரோஜாவில் இருந்தது. முட்டை ஓடு, டீத்தூள், பருப்புக் கழுவிய தண்ணீர் என்று வீட்டில் மிச்சமானதெல்லாம் ரோஜாவுக்கு. அவர் குளிப்பதே ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் கிடைக்கட்டும் என்றுதான் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அப்படி வளர்த்த ரோஜாக்கள் ஆவணியில் ஒவ்வொன்றாய்ப் போயின. தொட்டியில் குச்சிகள் மட்டும் நின்றன. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வாக்கில் பேப்பரோடு வாசலுக்கு வந்து, அந்தக் குச்சிகளைப் பார்ப்பார். பிறகு தலையைத் தூக்கி என் மதிலைப் பார்ப்பார். சிவப்பு, மஞ்சள், ரோஸ். பேப்பரை மடித்து உள்ளே போய்விடுவார்.

எனக்கு ஜில்லென்று இருந்தது. இல்லை என்று சொல்ல நான் ஒன்றும் மகான் இல்லை.

முதலில் வரிசையில்தான் ஆரம்பித்தது. மூன்றாம் வீட்டம்மா என் சம்சாரத்திடம் கேட்டாளாம்: "இன்னாக்கா, நாங்க வாய் நனைக்கத் தண்ணியில்லாம கீறோம். உங்க ஊட்ல பூவு பல்லைக் காட்டிகினு கீது?"

"அதுக்கு நாங்க தண்ணியே ஊத்துறதில்லமா."

"ஆமாமா. அது காத்தைக் குடிச்சிகினு வளருது. உங்க ஊட்டுக்காரரு மேஸ்திரி. சைட்டுக்கு லாரியில தண்ணி வருதில்ல? அதுல பாதி சுவருக்கு, பாதி பூவுக்கு. எங்களுக்குத் தெரியாதா?"

ஒரே வாரத்தில் கதை கைகால் முளைத்து நடந்தது. ராத்திரியில் என் வீட்டுக்குத் தனி லாரி வருகிறதாம். வீட்டுக்கு அடியில் நீச்சல் குளம் மாதிரி தொட்டி கட்டி வைத்திருக்கிறேனாம். கட்டியவன் நானே, எனக்கே தெரியாமல் ஒரு தொட்டி! ரயில்வே சார் வாயைத் திறந்து சொன்னது ஒரே வார்த்தை, ஆனால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணியில்லாம பூ எப்படிவே வரும்?" தெரு அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு வீடு கட்டி வந்தவர்கள், டீக்கடைக்காரர், பெண்கள் எல்லோரும் சாயங்காலம் நாலு மணிக்கு என் கேட் முன்னால் திரண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி எழுந்து வருவதற்கு நாலு மணிதானே ஆகும். என் பூவோ மத்தியானத்தோடு கடையைச் சாத்துகிற பூ. மதிலில் ஒன்றுகூட விரிந்திருக்கவில்லை. எல்லாம் திரி மாதிரி சுருண்டு கிடந்தன.

"பூவு எங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"மூடிடுச்சி. காலையில பத்து மணிக்கு வந்து பாரு."

"ஆபீசா இது, பத்து மணிக்குத் தொறக்கறதுக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். "நாம வரோம்னு தெரிஞ்சி கிள்ளிப் போட்டுட்டாரு மாமே."

நான் விளக்கினேன். ஜல்லி, மணல், வாட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். மணலைத் தோண்டிக் காட்டினேன், சுக்கு மாதிரி காய்ந்திருந்தது. அதற்கும் ஓர் அறிவாளி, "காலையில ஊத்தியிருப்பாரு, வெயில்ல காஞ்சிருக்கும்" என்றான். தன் வாயாலேயே வெயில் எப்படிக் காய்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலில் செடி எப்படிப் பிழைக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. ரயில்வே சார் மதிலோரம் குனிந்து இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, "இனிமே மேஸ்திரி வீட்டுக் குடம் கடைசியில நிக்கட்டும். அவருக்குத்தான் வேற வழி இருக்கே" என்றார்.

அவ்வளவுதான். பச்சைக் குடம் கடைசிக்குப் போனது.

கடைசிக் குடத்துக்கு என்ன கிடைக்கும் என்று முன்பே சொன்னேன். அண்ணனூர் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு வயல் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. விடிவதற்கு முன் ஸ்கூட்டரில் குடத்தைக் கட்டிக்கொண்டு போய் நான் கொண்டுவந்தேன். வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த மேஸ்திரி, குடத்தோடு விழுந்தடித்துப் போகிறான் என்று ஊர் பார்த்து ரசித்தது. துணி துவைக்க என் சம்சாரம் மூட்டை கட்டிக்கொண்டு வானகரத்தில் இருந்த அவள் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். திரும்பி வந்ததும் மூட்டையை என் காலடியில் போட்டாள்.

"புடுங்கிப் போடுயா அந்தப் பூவை. பூவு போச்சுன்னா பேச்சும் போயிடும். நம்ம கொடம் நம்ம எடத்துக்கு வந்துரும்."

"புடுங்குனா, திருடுனேன்னு ஒத்துகினா மாதிரி ஆயிடும்மே."

"அப்ப நீ பூவைப் பாத்துகினே தாகத்தைத் தீத்துக்கோ. எனுக்குக் கொடம் முன்னால நிக்கணும்."

அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் கட்டிய மதில்மேல் நான் வைத்த செடியை யாரோ சிரித்ததற்காகப் பிடுங்கினால் அப்புறம் எந்த முகத்தோடு அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவது? பிடுங்கவில்லை. அதற்குப் பதிலாக என் மூளைக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனைகள் எனக்குத்தான் தோன்றும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிள்ளு கொடுத்துவிட்டால்? அவர்களே வளர்த்துப் பார்க்கட்டுமே. காகிதத்தில் சுற்றி வீடு வீடாக எடுத்துப் போனேன். ஒருத்தரும் கை நீட்டவில்லை. மூன்றாம் வீட்டம்மா கதவுக்குப் பின்னால் நின்றே, "வேணாம் நைனா. எங்க ஊட்லயும் பூத்துச்சுன்னா எங்க கொடத்தையும் கடைசியில வெச்சிருவாங்க" என்றாள். பூவைவிடப் பயம் நன்றாக வளர்கிற தெரு. அதற்கும் தண்ணீர் வேண்டாம்.

புரட்டாசி முடிகிற நேரத்தில், யாரும் எதிர்பாராமல், ஒரு மழை பிடித்தது. ராத்திரியும் பகலுமாய் மூன்று நாள். நாலாம் நாள் தந்தி கொடுத்து வரவழைத்த மாதிரி வெயில் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. கிணற்றில் கணுக்கால் நனையவில்லை. ஆனால் தெருவில் புல் துளிர்த்தது, செம்பருத்தி இலை விட்டது, ரயில்வே சாரின் ரோஜாக் குச்சிகளில்கூட ஒன்றிரண்டு சிவந்த கொழுந்து.

என் மதிலைப் பார்த்தேன். அத்தனையும் கூழ். என் வாட்டம் தரையைக் காப்பாற்றியதே தவிர, மூன்று நாளும் மேலேயே கொட்டுகிறதை என்ன செய்யும்? தண்டு கறுத்து, இலை வழுவழுத்து, டப்பாக்களில் அழுகின புளி மாதிரி கிடந்தது. கையால் எடுத்தால் விரலில் ஒட்டியது. நான் திண்டாடிப்போய் நின்றேன். என் சம்சாரம் வந்து பார்த்தாள். நான் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஒரு டப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அன்று லாரி நாள். நானும் பின்னாலேயே போனேன்.

வரிசைக்கு நடுவில் டப்பாவை நங்கென்று வைத்தாள்.

"எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. தண்ணி ஊத்தி ஊத்தி வளத்தோம்னு சொன்னீங்கோ இல்ல? இப்போ வானமே ஊத்துச்சு. உங்க செடியெல்லாம் துளுத்துகினு கீது. எங்க செடி இன்னா ஆச்சுன்னு மோந்து பாருங்க. தெனம் தண்ணி ஊத்தியிருந்தா இது எப்பவோ இப்பிடி ஆயிருக்காது?"

மூன்றாம் வீட்டம்மா நிஜமாகவே குனிந்து மோந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜல்லி, மணல், வாட்டம் என்று நான் தொண்டை வற்றச் சொன்னதை ஒரு டப்பா அழுகலை வைத்து அவள் முடித்துவிட்டாள். இந்த யோசனையும் எனக்கு வந்திருக்கும், அரைமணி நேரம் விட்டிருந்தால்.

ரயில்வே சார் விசிலை ஊதவில்லை. குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எங்கள் பச்சைக் குடத்தை அவரே தூக்கிக்கொண்டு வந்து நீலக் குடத்துக்கு அடுத்து வைத்தார். நேராக இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்தார்.

எனக்கு அது போதவில்லை. தெருவுக்கே கேட்கும்படி சொன்ன பழியைத் தெரு காதில் விழாமல் தூக்கிப் போட்டால் ஆயிற்றா? வாய்திறந்து ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மணி பத்துக்கு மேல். வாசலில் ஆள் இல்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்னால் போனேன். நான் கட்டின வீடு, எனக்கு வழி தெரியாதா?

பின்பக்க ஜன்னலுக்கு மேலே நான் போட்ட சன்ஷேட். அதற்குக் கீழே ஜன்னல் விளிம்பில், மழை ஒரு சொட்டுப் படாத இடத்தில், கைப்பிடி உடைந்த டீக் கோப்பைகள் வரிசையாக. ஒவ்வொரு கோப்பையிலும் சிவப்பு, மஞ்சள், ரோஸ். அத்தனையும் விரிந்து வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. ரயில்வே சார் பனியனோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது?"

அவர் திடுக்கிட்டார். அன்றைக்கு மதிலோரம் குனிந்தவர் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீரு பொய் சொல்லுதீரான்னு பாக்கத்தான்வே கிள்ளிட்டு வந்தேன்" என்றார். "ஒரு வாரம் ஒரு சொட்டுத் தண்ணி விடல. சாகலை. அதுக்கடுத்த வாரம் பூத்திட்டு."

"அப்பவே தெருவுல சொல்லியிருக்கலாம்ல? நான் குடத்தைக் கட்டிகினு நாய் மாதிரி அலைஞ்சேனே சார்!"

"சொல்லணும்னுதான் தெனமும் வாசல் வரைக்கும் வருவேன். எப்படிவே சொல்ல? நான் சொன்னதாலதானே உம்ம குடம் கடைசிக்குப் போச்சு." கொஞ்ச நேரம் ரோஜாத் தொட்டிகள் இருந்த பக்கம் பார்த்தார். "என் ரோஜாவெல்லாம் போயிட்டு. வீட்டுல பாக்கதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. சொன்னா இதையும் திருப்பிக் கேப்பீரோன்னு நெனச்சேன்."

திட்டுவதற்கு நான் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். நல்ல நல்ல வார்த்தைகள். ஒன்றும் வரவில்லை. அந்தக் கோப்பைகளைப் பார்த்தேன், சன்ஷேட்டைப் பார்த்தேன். "அந்த சன்ஷேட் யாரு போட்டது தெரியுமா? சரியான அகலத்துல போட்டதாலதான் இந்தச் செடி பொழச்சுது" என்றேன்.

"அதுவும் சரிதான்வே" என்றார்.

பிறகு ஒவ்வொரு கோப்பையிலும் பார்த்துப் பார்த்து விரல் நீளத்துக்குக் கிள்ளினார். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று. பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி மட்டும் ஊத்திராதேயும் மேஸ்திரி. அழுகிரும்."

என்னிடம்! என் செடிக்கு! வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது, என் மதிலில் கூழ்தானே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சம்சாரம் பேப்பரைப் பிரித்துப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். மொத்தமும் கேட்டுவிட்டு, "அப்போ இனிமே இந்தப் பூவை அவுரு குடுத்த பூவுன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். அன்றைக்கு நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டப்பாவைக் கழுவி, புது மணல் போட்டு, ஆணி எடுத்துத் துளையைக் குத்திப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.

"அதை அப்பாலிக்கு நட்டுக்கலாம்யா" என்றாள். "விசிலு கேக்குது பார். லாரி வந்துகினு கீது. கொடத்தை எடு. ரெண்டாவது எடம் நம்பளுது."